பிரேக் விளக்கு இல்லாத வீடு

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் மனைவி டல்சியின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். அவள் தூங்கிக்கொண்டிருப்பதால் கையை மெதுவாகத்தான் வைத்திருக்கிறேன். விழித்துக்கொண்டால் அவளும் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள், அதில் நிறையப் பொய் இருக்கும்.

பண்டபெர்க் பக்கத்தில், நாலு புறமும் கரும்பு நிற்கிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ரொம்ப வருஷம் அந்த ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன். ஓட்டி முடித்ததும், பழைய டீசல் வண்டியின் பின்னால் ஒரு கேம்பரை மாட்டிக்கொண்டு நானும் டல்சியும் கிளம்பினோம். கேம்பர் என்பது போகும்போது பெட்டி, நிற்கும்போது கூடாரம். விரித்தால் கட்டில், அடுப்பு, பல் விளக்கும் தொட்டி எல்லாம் வெளியே வரும். மடக்கும்போது மட்டும் ஏதாவது ஒன்று மிஞ்சும்.

ஆஸ்திரேலியாவைக் கடலோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று திட்டம். தெற்கே கிளம்பி வடக்கிலிருந்து வந்து சேர வேண்டும். அப்படிப் போனால் கடல் எப்போதும் இடது பக்கம் இருக்கும். இடது பக்கம் என்றால் டல்சி உட்காருகிற பக்கம். வரைபடமே தேவையில்லை. கடல் வலது பக்கம் தெரிந்தால் தப்பாகப் போகிறோம் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் ஊருக்குப் போக நெடுஞ்சாலையிலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். அத்தனை மாதம் இடது பக்கத்தையே நம்பி ஓட்டியவனுக்கு வலது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. ஊர்ப் பலகையைப் பார்த்து டல்சி, "நம்ம ஊர் பேர்லயே இன்னொரு ஊர் இருக்கு பாரேன் செசில்" என்றாள். "இருக்கும், பெரிய நாடு" என்றேன் நான். சிட்னி வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. பின்னால் பெட்டியை வைத்துக்கொண்டு நடுரோட்டில் வண்டியைத் திருப்புவது ஆபத்து. ஆகவே நாட்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தோம். இரண்டாம் தடவை முன்ஜாக்கிரதையாக டவுன்ஸ்வில்லிலேயே வலது பக்கச் சைகை விளக்கைப் போட்டுவிட்டேன். அங்கிருந்து எங்கள் ஊர் ஒரு நாள் ஓட்டத்துக்கும் மேல். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகத்தான் வந்தார்கள்.

வீடு போட்டது போட்டபடியே இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் மரத் தூண்களின் மேல் நிற்பவை. சுவர் பலகை, கூரை தகரம், முன்னால் வராந்தா. அடியில் ஆள் குனிந்து போகலாம். இடம் பிடிக்கவில்லை என்றால் வீட்டைத் தூக்கி லாரியில் வைத்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இது எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற காரியம்.

கேம்பரைப் பின்னாலேயே தள்ளி முற்றத்தில் நிறுத்தினேன். டல்சி பின்னால் நின்று கையைக் காட்டினாள். இந்தக் கைகாட்டுதலில்தான் கேம்பர்காரர்களின் கல்யாணங்கள் முறியும்.

"இடது, இடது. செசில், அது உன் இடது. நான் சொல்றது என் இடது."

"உன் இடது எனக்கு எப்படித் தெரியும்?"

"கடல் இருக்கிற பக்கம்."

இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். கடல் எந்தப் பக்கமும் இல்லை. கரும்புதான் இருந்தது. அப்போது ஆரம்பித்த குழப்பம்.

மறுநாள் காலை கண் விழித்தேன். தலைக்கு மேல் துணி இல்லை, வெகு உயரத்தில் பலகை. இது எந்த ஊர், கேம்பர்கள் தங்குகிற எந்த முகாம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. முகாம்களில் என்ன வழக்கமோ அதைச் செய்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கழிவறைக் காகிதச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரில் தெரிந்த கட்டடத்தை நோக்கி நடந்தேன். பொதுக் குளியலறை எப்போதும் எதிரில்தானே இருக்கும். கதவு திறந்திருந்தது. குளித்தேன். வெந்நீர் நன்றாக வந்தது. வெளியே வந்தபோது ஒரு ஆள் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி நல்லா சூடா வருது" என்றேன், மரியாதைக்கு.

"வரும், போன வருஷம்தான் கொதிகலன் மாத்தினேன்" என்றான் அவன்.

"எங்கிருந்து வர்றீங்க?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "செசிலு, நான் ரெக்."

ரெக் எங்கள் எதிர்வீட்டுக்காரன். நாங்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அங்கேதான் இருக்கிறான். எனக்கு முகம் தெரிந்தது, வாய்தான் நிற்கவில்லை.

"எத்தன நாள் தங்குறதா உத்தேசம்?"

ரெக் யோசித்தான். அவன் எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. "நான் அத யோசிச்சதே இல்லயேடா" என்றான். அன்று சாயங்காலம் அவன் தன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகக் கவனித்தேன்.

என் கதை இப்படி என்றால் டல்சி கதை வேறு. அவளுக்குக் குழப்பம் பகலில் இல்லை, படுத்தால்தான். வந்த நாளிலிருந்து கண் மூடவில்லை. காலையில் சமையலறையில் உட்கார்ந்து டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீடு அசையவே மாட்டேங்குது" என்றாள்.

"வீடு அசையாது டல்சி. அதுக்குத்தான் வீடு."

"கேம்பர்ல நீ புரண்டா நானும் புரள்வேன். காத்தடிச்சா ரெண்டு பேரும் சேந்து புரள்வோம். இங்க நீ எங்கயோ இருக்க, நான் எங்கயோ இருக்கேன். கூரை எங்கயோ இருக்கு. முகாம் கக்கூஸ்ல இருக்கிற மாதிரி இங்க ஒரு தவளைகூட இல்ல."

"தவளை வேணும்னா பிடிச்சுட்டு வரேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன் செசில். அதுக்குள்ள இந்த வீட்ல ஒரு தடவ எனக்குத் தூக்கம் வந்தா இருக்கலாம். வரலைன்னா வீட்ட வித்துட்டுக் கிளம்பிடலாம். கேம்பர் போதும் நமக்கு."

அவள் இப்படி நிதானமாகச் சொன்னால் அது நடந்துவிடும். நான் ஏன் வீட்டை விட மறுக்கிறேன் என்று கேட்கலாம். காரணம் சின்னது. கேம்பருக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. நாட்டை இரண்டு சுற்றுச் சுற்றிய காலம் முழுவதும் நான் படுத்துக்கொண்டேதான் கால்சட்டை போட்டேன். மீதி ஆயுளையாவது நின்றுகொண்டு கால்சட்டை போட்டுக் கழிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "உக்காந்து போட்டுக்கோ" என்பாள்.

வேலையில் இறங்கினேன். ஒரு பச்சைத் தவளையைப் பிடித்துக் கழிவறையில் விட்டேன். டல்சி உள்ளே போய்விட்டு வந்து, "அதுவாவது வந்து விசாரிச்சுது" என்றாள். கொஞ்சம் மனம் இளகியது போலத் தெரிந்தது. படுக்கை விரிப்பில் இரண்டு பிடி கடல் மணல் தூவினேன். கட்டிலுக்கு மேல் கேம்பரின் கூடாரத் துணியைக் கட்டினேன். அவள் பக்கத்துச் சுவரில் ஒரு மீனைக்கூட ஆணி அடித்து மாட்டினேன், வாசனைக்கு. ஒன்றுக்கும் தூக்கம் வரவில்லை. மீனால் எனக்கும் வரவில்லை.

சனிக்கிழமை காலை டல்சி, "படுத்தா தலை கீழ போகுது. வீடு சாஞ்சிருக்கு" என்றாள்.

கேம்பர்காரன் காதில் விழக்கூடாத வார்த்தை அது. எந்த முகாமில் இறங்கினாலும் முதல் வேலை ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைச் சமன் செய்வதுதான். சாப்பாடு, சண்டை எல்லாம் அப்புறம். ரசமட்டத்தை வராந்தாவில் வைத்தேன். குமிழி ஒரு ஓரமாக ஓடி நின்றது. நிஜமாகவே வீடு ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

ரெக்கைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஜாக்கிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனோம். ஒரு மூலையைத் தூக்கினால் இன்னொரு மூலை இறங்கியது. அதைத் தூக்கினால் இது. கடைசியில் வீடு முழுவதும் ஜாக்கிகளின் மேல் நின்றது, தூண்கள் சும்மா நின்றன. இனி அடியில் கட்டை கொடுக்க வேண்டும். அவ்வளவு கட்டைக்கு எங்கே போவது?

"கரும்பு இழுக்குற டிராலியோட சக்கரமெல்லாம் என் கொட்டகையில கிடக்கு. இப்போதைக்கு அத வையி. திங்கக்கிழமை கட்டை வாங்கிக்கலாம்" என்றான் ரெக்.

"உருண்டுடாதே?"

"முன்னாடி பின்னாடி கல்லு வெச்சுட்டா எங்க உருளும்?"

நியாயமாகத்தான் பட்டது. சக்கரங்களை வைத்தோம், கல் கொடுத்தோம், ஜாக்கிகளை எடுத்தோம். குமிழி நடுவில் வந்து நின்றது. ரெக் போகும்போது தயங்கித் தயங்கி, "நாங்க இன்னும் கொஞ்ச நாள் தங்கலாம்னு இருக்கோம், உனக்கு ஆட்சேபணை இல்லன்னா" என்றான். எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை என்றேன்.

டல்சி வந்து படுத்துப் பார்த்தாள். "நேரா இருக்கு" என்றாள். "ஆனா அசையல."

ஞாயிற்றுக்கிழமை காலை திடுக்கிட்டு விழித்தேன். வெயில் முகத்தில் அடித்தது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் எந்த முகாமிலும் காலை பத்து மணிக்கு இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் முகாம்காரி கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். பத்து மணி என்கிற பயம் கேம்பர்காரனின் எலும்பில் ஊறிப்போனது. கடிகாரம் பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் புத்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. கை கால்கள் எழுந்துவிட்டன.

ஓடினேன். மின்கம்பியைப் பிடுங்கினேன். தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டினேன். சக்கரத்துக் கல்லை எடுத்தேன். வண்டியைப் பின்னால் கொண்டுவந்து, கொக்கியை மாட்டி, சங்கிலியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கட்டில் பக்கம் பார்த்து, "கிளம்பலாம் டல்சி" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இன்றைக்கு ஏனோ சுமை கொஞ்சம் கனமாக இருப்பதுபோல் தோன்றியது. டல்சி கிளிஞ்சல் நிறையப் பொறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற ரயில் குறுக்கே போகிற இடத்தில் விளக்கு எரிந்தது, நிறுத்தினேன். ரயிலோட்டி என்னைப் பார்த்தான், என் பின்னால் பார்த்தான், கைப்பிடியிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். சாலையில் கேம்பர்காரர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்கிற வணக்கம் அது. நானும் ஒரு விரலைத் தூக்கினேன். அப்போதுதான் இடது பக்க இருக்கை காலியாக இருப்பதைக் கவனித்தேன். டல்சி இல்லை.

பெட்ரோல் பங்கில் மனைவியை மறந்துவிட்டு அடுத்த ஊர் வரை போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். பின்புறம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியில் கேம்பர் இல்லை. எங்கள் வராந்தா தெரிந்தது. கொடியில் என் கால்சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

இறங்கி, வராந்தாவில் ஏறி, உள்ளே போனேன். டல்சி கூடாரத் துணிக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்படியே நின்றேன். இன்றைக்கு ஞாயிறு. வீட்டில் ஒரு தடவை தூக்கம் வந்தால் இருக்கலாம் என்றாள். வந்துவிட்டது. இது வீடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடு வழியில் வண்டி நின்றால் அவள் விழித்துக்கொள்வாள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போதே புரண்டு, "வந்தாச்சா?" என்று முனகினாள். "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு நுனிக்காலில் வெளியே வந்தேன். அவள் நன்றாகத் தூங்கி எழும்வரை போய்க்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கடற்கரைக்குப் போகிற சாலையில் ஒரு பெண் போலீஸ் கையைக் காட்டினாள். வண்டியை நிறுத்தாமல் நடக்கிற வேகத்துக்குக் குறைத்துக்கொண்டேன். அவள் கூடவே நடந்து வந்தாள்.

"எங்க போறீங்க ஐயா?"

"வீட்டுக்கு."

"வீடு எங்க இருக்கு?"

"பின்னாடி வருது."

அவள் நின்று, வீடு முழுவதும் தன்னைத் தாண்டிப் போகும்வரை பார்த்துவிட்டு, மறுபடி ஓடி வந்தாள்.

"பின்னாடி பிரேக் விளக்கு இல்லயே."

"வராந்தா விளக்கு இருக்கு."

"நீங்க பிரேக் போட்டா அது எரியுமா?"

"உள்ள ஆள் முழிச்சிருந்தா எரியும். என் மனைவி தூங்குறா. கொஞ்சம் மெதுவா பேசுங்க."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நல்ல குடும்பத்துப் பெண். "பின்னாடி இழுத்துட்டுப் போற வண்டிக்குள்ள ஆள் இருக்கக் கூடாது ஐயா. சட்டம்."

"வண்டிக்குள்ள இருக்கக் கூடாது, சரி. வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

அவள் வெகுநேரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். "நீங்க ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்று கிசுகிசுத்தாள். "வண்டின்னா பிரேக் விளக்கு வேணும். வீடுன்னா ரோட்டுல நிறுத்தக் கூடாது."

"நான் நிறுத்தலயே" என்றேன். அவளும் அதை ஒப்புக்கொண்டாள்.

பர்காரா என்கிற கடற்கரை ஊரில் கடலோரமாகத் தெற்கே திரும்பி, புல்வெளியில் போய் நின்றேன். டீசல் தீர்ந்துவிட்டது. இல்லாவிட்டால் மூன்றாம் சுற்றும் போயிருப்பேன். நின்ற உடனே உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இனி எதையும் மறைக்க முடியாது. படியில் உட்கார்ந்துகொண்டேன்.

டல்சி தலையைக் கோதிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தாள். கடலைப் பார்த்தாள். கடல் இடது பக்கம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்ல இடமாப் பாத்து நிறுத்தியிருக்க" என்றாள். "எந்த ஊரு?"

"பர்காரா."

"நாம வீட்டுக்குப் போயிட்டோம்னுல்ல நினைச்சேன்."

"போனோம். வீட்லதான் இருக்கோம்."

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கதவு, ஜன்னல், உள்ளே அவள் அம்மாவின் பீங்கான் அலமாரி. ஒரு தட்டுகூட உடையவில்லை. மறுபடி கடலைப் பார்த்தாள். அவள் முகத்தில் என் குழப்பம் முழுவதும் ஒருமுறை வந்துவிட்டுப் போனது.

"தூங்கினியா?" என்று கேட்டேன்.

"தூங்கினேன்."

"எங்க?"

டல்சி வராந்தாப் பலகையைக் காலால் தட்டிப் பார்த்தாள். அவள் ஏமாற்றுகிறவள் இல்லை. "வீட்லதான்" என்றாள் கடைசியில். "அப்ப இருக்கலாம். ஆனா கேம்பர விக்கக் கூடாது."

"விக்கல."

"அந்த மீன எடுத்துடு."

"சரி."

டீ போட்டுக்கொண்டு வந்தாள். குடித்தோம். ஒரு நல்ல மனிதரிடம் டீசல் வாங்கி ஊற்றிக்கொண்டேன். வீட்டைத் திருப்ப அங்கே இடமில்லாததால் ஊர்வரை பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன். டல்சி பின்கட்டுப் படியில் நின்று வழி நெடுகக் கையைக் காட்டினாள்.

"இடது, செசில். இடது. என்னோடது."

ஒரு கரும்புகூடச் சாயவில்லை. ஒரே ஒரு ரவுண்டானாவில் மட்டும் கொஞ்சம் பேச்சு முற்றி, அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால்தான் வீடு இப்போது முன்பக்கம் பின்னாலும் பின்பக்கம் முன்னாலுமாக நிற்கிறது. தபால்காரர் எங்கள் கடிதங்களைச் சமையலறை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரெக் எங்கள் காலி மனையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். வீட்டைத் தூண்களின் மேல் இறக்கும்வரை கூடவே ஜாக்கி பிடித்தான். அப்புறம் டல்சியிடம் வந்தான்.

"இந்தத் தடவ எத்தன நாள் தங்குறதா உத்தேசம்?"

"பாக்கலாம் ரெக்" என்றாள் டல்சி. "உங்க தண்ணி சூடா வருதுன்னு செசில் சொன்னான்."

மறுநாள் காலை நின்றுகொண்டு கால்சட்டை போட்டேன். ஒரு காலைத் தூக்கியதும் தலை சுற்றியது, பழக்கம் விட்டுப்போயிருந்தது. இருந்தாலும் போட்டேன். டல்சி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள், இப்போதும் தூங்குகிறாள். எப்போதாவது அவளுக்குக் கண் மூடவில்லை என்றால் நான் எழுந்து போய் வீட்டின் ஒரு மூலையைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டு வருவேன்.

நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். ரெக் வீட்டுக்கு எதிர்வீடு. செங்கல் வீடு, தரையோடு ஒட்டிய காங்கிரீட் தளத்தின் மேல் கட்டியது.